சார்ல்ஸ் ஐவ்ஸும் அவருடைய பாடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ல்ஸ் ஐவ்ஸ் யார்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன டான்பரி நகரில் 1874 அக்டோபர் 20 அன்று பிறந்தவர். நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டு முகவாண்மை நடத்திச் செல்வம் ஈட்டினார். மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் அவர் எழுதிக் குவித்த இசை, அந்தக் காலத்து அமெரிக்காவில் மற்றவர்கள் எழுதத் துணியாதது. சிம்ஃபனிகள், பியானோ சொனாட்டாக்கள், வயலின் சொனாட்டாக்கள் ஆகியவற்றோடு 150-க்கும் மேற்பட்ட பாடல்களையும் விட்டுச்சென்றார். 1954 மே 19 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிம்ஃபனிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐவ்ஸ் எதை நம்பினார், எதன்மீது கோபப்பட்டார், எதற்காக ஏங்கினார் என்பதெல்லாம் பாடல்களில்தான் நேருக்கு நேர் தெரிகிறது. அவற்றில் பல, ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பாடல்களை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன்.

கலைப்பாடல் என்பது என்ன?

ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, குரலுக்கும் பியானோவுக்குமாக ஒவ்வொரு சுரத்தையும் இசையமைப்பாளர் தாளில் எழுதிவைக்கும் வடிவம் இது. ஐவ்ஸின் பாடல்களும் இந்த வகைதான். ஒரு பாடகர், ஒரு பியானோக் கலைஞர், அவ்வளவுதான். மைக் கிடையாது. ஜெர்மன் மொழியில் ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் ஆகியோர் 19-ஆம் நூற்றாண்டில் இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றார்கள். இதில் பியானோ குரலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதில்லை. குரல் சொல்லாமல் விட்டதை அது சொல்லும். சில இடங்களில் குரலை மறுத்தும் பேசும்.

ஐவ்ஸின் இளமைக் காலத்தில் அமெரிக்க இசையமைப்பாளர்கள் பலர் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துத் திரும்பி, அங்கே கற்ற பாணியிலேயே எழுதினார்கள். ஐவ்ஸும் அந்த மரபில் பயின்றவர்தான். ஷூமனும் பிராம்ஸும் ஏற்கெனவே இசையமைத்த ஜெர்மன் கவிதைகளுக்கு மாணவப் பருவத்தில் மறுபடியும் இசையமைத்துப் பழகினார். பிறகு அவர் பாட்டுக்குள் கொண்டுவந்தவை தெருமுனை, சர்க்கஸ் ஊர்வலம், மாட்டுப் பண்ணை, தேர்தல் நாள், மிருகக்காட்சிக் கூண்டு.

அவருடைய தந்தையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

ஐவ்ஸே வாழ்நாள் முழுவதும் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். தந்தை ஜார்ஜ் ஐவ்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் ஒரு பீரங்கிப் பிரிவுக்கு பேண்ட் மாஸ்டராக இருந்தவர். போருக்குப் பின் டான்பரிக்குத் திரும்பி ஊர் பேண்டை நடத்தினார், இசை சொல்லிக்கொடுத்தார், தேவாலயப் பாடகர் குழுவைப் பழக்கினார். தொழிலும் வியாபாரமும் பெரிதாக மதிக்கப்பட்ட அந்த ஊரில், இசையை நம்பிப் பிழைத்த மனிதருக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. கடைசிக் காலத்தில் அவர் குடும்பத் தொடர்புள்ள வங்கியில் வேலை பார்க்க நேர்ந்தது.

ஆனால் வீட்டுக்குள் அவர் ஓர் ஆய்வாளர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பிள்ளைகளை ஒரு சுருதியில் பாடச்சொல்லிவிட்டு, தான் வேறு சுருதியில் வாசிப்பார். காதையும் மனதையும் சொந்தக் காலில் நிற்கவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கால் சுரங்களைத் தேடி, வயலின் தந்திகளை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சோதித்தார். ஒரு நாள் இடியும் மழையுமாக இருந்தபோது பக்கத்துத் தேவாலய மணி ஒலித்தது. தலையில் தொப்பிகூட இல்லாமல் மழையில் நின்று அதைக் கேட்பதும், வீட்டுக்குள் ஓடிவந்து அந்த ஒலியைப் பியானோவில் தேடுவதும், கிடைக்காமல் மறுபடி வெளியே ஓடுவதுமாக இருந்தாராம்.

மகன் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில வாரங்களில், 1894 நவம்பர் 4 அன்று, ஜார்ஜ் திடீரென இறந்துபோனார். ஐவ்ஸின் பாடல்களில் வரும் பேண்ட் ஓசையிலும் பழைய கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளிலும் அந்த மனிதர் இருக்கிறார்.

யேலில் என்ன படித்தார்?

ஹொரேஷியோ பார்க்கர் என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் இசையமைப்பு படித்தார். ம்யூனிக்கில் பயின்றுவந்த பார்க்கர், மரபு மீறலைச் சிறிதும் பொறுக்காதவர். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் ஃபியூக் வடிவத்தில், நான்கு குரல்கள் நான்கு சுருதியில் வரும் ஒன்றை ஐவ்ஸ் கொண்டுபோய்க் காட்டியபோது, எல்லாச் சுருதியையும் நீயே வாரிச்சுருட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாராம்.

தந்தையின் திறந்த மனதை நினைத்து நினைத்துப் பார்க்கரைக் குறைத்தே பேசினார் ஐவ்ஸ். அதில் நியாயம் முழுமையாக இல்லை என்றே நினைக்கிறேன். நீண்ட படைப்பைக் கட்டி நிறுத்தும் திறமை பார்க்கரிடமிருந்து வந்தது. மாணவராக ஐவ்ஸ் எழுதிய 'ஃபெல்டைன்சாம்கைட்' என்ற ஜெர்மன் பாடலைக் கேட்டால், ஐரோப்பிய மரபு அவர் கைக்குள் எவ்வளவு லாகவமாக வந்திருந்தது என்பது தெரியும். வகுப்புக்கு வந்திருந்த இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக், பிராம்ஸின் பாடலோடு ஒப்பிட்டு அதைப் பாராட்டியதை ஐவ்ஸ் பெருமையோடு குறித்துவைத்திருக்கிறார். விதியை அறியாததால் மீறியவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்தப் பாடலைக் கேட்டதில்லை.

இசையைத் தொழிலாகக் கொள்ளாமல் காப்பீட்டுத் துறைக்கு ஏன் போனார்?

14 வயதிலேயே தேவாலயத்தில் சம்பளம் வாங்கிய ஆர்கன் கலைஞர் அவர். இசையால் பிழைக்க வழியே இல்லாமல் போனவர் என்று சொல்ல முடியாது. 1898-இல் யேலை முடித்து நியூயார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தபோதும், வாரந்தோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்தார். 1902-இல் அந்த வேலையை விட்டார். அதன் பிறகு இசைக்கென்று எந்தப் பதவியும் வகிக்கவில்லை.

காரணத்தைப் பிற்காலத்துக் குறிப்புகளில் சொல்கிறார். மனைவி மக்கள் உள்ள ஒருவன், காதுக்கு முரணாக ஒலிக்கும் தன் முரண்சுரங்களை நம்பிப் பிள்ளைகளைப் பட்டினி போடலாமா என்பது அவர் கேள்வி. பணத்துக்காக எழுதினால் இசை வளைந்துகொடுக்கத் தொடங்கும். ஆகவே வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி. தந்தை பட்ட பாட்டை நேரில் பார்த்தவர் எடுத்த முடிவு இது.

ஆனால் காப்பீட்டுத் தொழிலை வெறும் வருமானமாக அவர் பார்க்கவில்லை. நண்பர் ஜூலியன் மிரிக்குடன் 1907-இல் முகவாண்மை தொடங்கினார். 1909 முதல் அது ஐவ்ஸ் அண்ட் மிரிக் என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய முகவாண்மைகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு காப்பீடு தேவை என்பதை அதன் வருமானத்தையும் செலவையும் வைத்துக் கணக்கிடும் முறையை விளக்கி, முகவர்களுக்காக அவர் எழுதிய கையேடு அந்தத் தொழிலில் புகழ்பெற்றது. இன்றைய நிதித் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். சாதாரணக் குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடாகவே காப்பீட்டை அவர் கண்டார்.

தொழில் இசைக்குத் தடையாக இல்லையா என்று கேட்டபோது, வாழ்க்கை என்ற துணி முழுதாகவே நெய்யப்படுகிறது, கலையை மட்டும் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்துவிட்டு அதில் உயிரும் உண்மையும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்று பதில் சொன்னார். அவருடைய பாடல்களுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது. காப்பீடு விற்கப் போன வீடுகளின் மனிதர்கள் அந்தப் பாடல்களுக்குள் நடமாடுகிறார்கள்.

ஹார்மனி யார்?

1908 ஜூன் 9 அன்று அவர் மணந்த ஹார்மனி ட்விச்செல். பயிற்சி பெற்ற செவிலி, கவிதை எழுதுகிறவர். அவருடைய தந்தை ஜோசப் ட்விச்செல், ஹார்ட்ஃபோர்ட் நகரப் போதகர். எழுத்தாளர் மார்க் ட்வைனின் நெருங்கிய நண்பர். ஹார்மனியின் கவிதைகள் சிலவற்றுக்கு ஐவ்ஸ் இசையமைத்திருக்கிறார். 'மிஸ்ட்ஸ்' என்ற பாடல், மூடுபனிக்குள் ஒலிப்பதுபோன்ற பியானோவோடு மிக மெல்ல நகர்கிறது.

கேட்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரி நல்லதாக ஏதாவது எழுதக்கூடாதா என்று மனைவி ஒரு நாளும் கேட்டதில்லை என்று ஐவ்ஸ் நன்றியோடு எழுதினார். பல ஆண்டுகள் அவர் இசையைக் கேட்க யாரும் இல்லாதிருந்தபோது, அவர் பக்கம் நின்றவர் ஹார்மனிதான். 1916-இல் இருவரும் ஈடித் என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். கோடைக்காலத்தில் அவர்களுடைய வெஸ்ட் ரெடிங் இல்லத்தை ஒட்டித் தங்கவந்த நகர ஏழைக் குடும்பம் ஒன்றின் குழந்தை அவள். 'டூ லிட்டில் ஃப்ளவர்ஸ்' என்ற சிறு பாடலில் தோட்டத்தில் விளையாடும் இரண்டு பூக்களில் ஒரு பூ ஈடித், இன்னொன்று அவளுடைய தோழி.

ஹூசடானிக் ஆற்றைப் பற்றிய பாடலுக்கு ஏன் இத்தனை புகழ்?

திருமணம் முடிந்த அதே ஜூன் மாதம் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் அருகே ஹூசடானிக் ஆற்றங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நடந்துபோனார்கள். ஆற்றின்மேல் பனி முழுமையாக விலகவில்லை. அக்கரைத் தேவாலயத்திலிருந்து பாட்டுச் சத்தம் மிதந்துவந்தது. ஓடும் நீர், நிறங்கள், கரையோர மரங்கள், தூரத்துப் பாட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்த அந்த நேரத்தை ஐவ்ஸ் உடனே குறித்துவைத்தார். பிறகு அது ஓர் இசைக்குழுப் படைப்பாக வளர்ந்தது. 1921-இல் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சனின் கவிதையோடு சேர்ந்து பாடலானது.

பாடலில் கீழே அமைதியான ஒரு ஞானப்பாட்டு மெட்டு நகர்கிறது. அதற்கு மேலே பியானோவின் உயர் சுரங்கள், அந்தச் சுருதிக்குச் சம்பந்தமே இல்லாமல், மெல்லிய சலசலப்பாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் தடவை கேட்கும்போது அவை பிசகுபோலத் தோன்றும். பனிக்குள்ளிருந்து பார்க்கிறோம் என்று நினைத்துக் கேளுங்கள். அந்தச் சலசலப்பை நீக்கினால் பாட்டே செத்துவிடும் என்பது புரியும். ஆறு கடலை நோக்கி விரையும் இடத்தில் பியானோ பொங்கிக் கொந்தளித்து, சட்டென்று அடங்குகிறது. காதல் பாட்டு என்று எங்கும் சொல்லாத காதல் பாட்டு இது.

'114 பாடல்கள்' என்ற தொகுப்பு எப்படி வந்தது?

1918 அக்டோபர் 1 அன்று ஐவ்ஸின் உடல்நிலை கடுமையாகச் சரிந்தது. மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. பின்னாளில் அவரை வாட்டிய நீரிழிவு நோயும் அவருடைய உடலைப் பெரிதும் தளர்த்தியது. 1918-இல் உடல் சரிந்தபோது அவருக்கு வயது 43. எழுதியவற்றில் மிகப் பெரும்பகுதி அச்சிலும் இல்லை, மேடையிலும் ஏறவில்லை. எல்லாம் தன்னோடு போய்விடுமோ என்ற அச்சம் வந்திருக்க வேண்டும். உடல் ஓரளவு தேறியதும் கையெழுத்துப் படிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். முதலில் 'கான்கார்ட்' பியானோ சொனாட்டாவையும் அதற்குத் துணையாக ஒரு கட்டுரை நூலையும் சொந்தச் செலவில் வெளியிட்டார். பிறகு 1922-இல் வந்தது '114 பாடல்கள்'.

அது விற்பனைக்கு வரவில்லை. இசைக்கலைஞர்களுக்கும் நூலகங்களுக்கும் கேட்டவர்களுக்கும் இலவசமாக அனுப்பினார். பெரும்பாலும் புதிய பாடல்கள் முன்னாலும் பழையவை பின்னாலும் இருக்கின்றன. திறந்தவுடன் வருவது 'மெஜாரிட்டி'. கை விரல்களால் தொடவே முடியாத அகலத்துக்குச் சுரங்களைக் குவித்து, முழங்கையால் அழுத்தினாற்போல் முழங்கும் பாடல். கடைசியாக இருப்பது 'ஸ்லோ மார்ச்'. வீட்டில் வளர்த்த பிராணி ஒன்றைப் புதைக்கும் வேளைக்காகச் சிறுவனாக இருந்தபோது எழுதியது. இரண்டுக்கும் நடுவே ஜெர்மன் பாடல்கள், பிரெஞ்சுப் பாடல்கள், போர்க்காலப் பாடல்கள், தெருப் பாடல்கள், வீட்டு வரவேற்பறையில் பாடுவதற்கான, கண்ணீர் வரவைக்கும் வரவேற்பறைப் பாடல்கள் என்று எல்லாம் உண்டு. அந்த வரவேற்பறைப் பாடல்கள் சிலவற்றின் கீழே, இவ்வகைப் பாடல்கள் எவ்வளவு குறைவாக எழுதப்படுகின்றனவோ அவ்வளவுக்கு இசைக்கு நல்லது என்று அடிக்குறிப்பு வேறு போட்டார். நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. தான் கடந்துவந்த ஒவ்வொரு படியையும் காட்டிவிட வேண்டும் என்ற நேர்மை அது.

பின்னுரையில், பணத்துக்காகவோ புகழுக்காகவோ இதை எழுதவில்லை என்கிறார். தான் எழுதியது புத்தகமே இல்லை, வீட்டைச் சுத்தம் செய்ததுதான், மிஞ்சியது கொடியில் காய்கிறது என்று முடிக்கிறார். பிரதி பெற்றவர்களில் பேண்ட் இசைக்குப் புகழ்பெற்ற ஜான் ஃபிலிப் சூசாவும் ஒருவர். முன்னோரின் முறையில் பயின்றவனுக்குச் சில பாடல்கள் திடுக்கிட வைக்கின்றன என்று கண்ணியமாகப் பதில் எழுதினார். பலர் பதிலே எழுதவில்லை.

பாட்டுக்கும் உரிமைகள் உண்டு என்று அவர் சொன்னதன் பொருள் என்ன?

அதே பின்னுரையில் வருவது. மற்றக் குடிமக்களைப் போலப் பாட்டுக்கும் சில உரிமைகள் உண்டு என்கிறார். தெருவின் இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்று பாட்டுக்குத் தோன்றினால் நடக்கட்டும். சாம்பல் தொட்டியை உதைத்துத் தள்ளத் தோன்றினால் தள்ளட்டும், யாப்பு விதியையும் அப்படியே. நெஞ்சுக்கூடு, உதரவிதானம், காது ஆகியவற்றின் ஆட்சியிலிருந்து ஒரு பாட்டு எப்போதாவது விடுபடக் கூடாதா? பாட்டு எப்போதும் பாட்டாகத்தான் இருக்க வேண்டுமா?

பாட வசதியாக இருக்கிறதா, கேட்க இனிமையாக இருக்கிறதா என்ற இரண்டு அளவுகோல்களையும் அவர் இங்கே கீழே வைத்துவிடுகிறார். தொகுப்பிலுள்ள சில பாடல்களைப் பாடவே முடியாது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். 'சார்லி ரட்லேஜ்' என்ற பாடலில், குதிரையோடு விழுந்து அதன் அடியில் சிக்கிச் சாகும் மாட்டிடையனின் கதையைப் பாடகர் நடுவில் பாடுவதை விட்டுவிட்டு வேக வேகமாகப் பேசுகிறார். பியானோக் கலைஞர் முஷ்டியால் கட்டைகளை அடிக்கிறார். சாவு வந்த பிறகு பழைய எளிய மெட்டு, எதுவும் நடக்காததுபோலத் திரும்பிவருகிறது. கூச்சலைவிட அந்தத் திரும்பல்தான் என்னை உலுக்குவது.

பழைய மெட்டுகளை அவர் ஏன் இவ்வளவு கையாண்டார்? சொந்தக் கற்பனை இல்லையா?

இந்தக் கேள்விக்கு 'தி திங்ஸ் அவர் ஃபாதர்ஸ் லவ்ட்' என்ற 1917-ஆம் ஆண்டுப் பாடலே பதில். 'எங்கள் தந்தையர் நேசித்தவை' என்று தலைப்பு. அவற்றுள் தலையாயது சுதந்திரம் என்று துணைத்தலைப்பு. சொற்களும் ஐவ்ஸுடையவை. ஆன்மாவுக்குள் மெட்டுகளாலேயே ஆன ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன் எனத் தொடங்குகிறது. பிரதானத் தெருமுனையில் ஆர்கன் கேட்கிறது. சேரா அத்தை ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள். கோடை மாலையில் ஊர்ச் சதுக்கத்தில் பேண்ட் வாசிக்கிறது. பாட்டுகளின் சொற்கள் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவை நம் தந்தையர் நேசித்தவற்றைப் பாடுகின்றன என்று முடிகிறது.

பாடல் முழுவதும் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதற்குள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாட்டு, உள்நாட்டுப் போர்க்கால அணிவகுப்புப் பாட்டு, ஞானப்பாட்டுகள் எனப் பல மெட்டுகளின் துண்டுகள் தைத்துக்கிடக்கின்றன. எதுவும் முழுமையாக வருவதில்லை. அத்தை முணுமுணுக்கும் இடத்தில் ஒரு ஞானப்பாட்டின் சாயல் தட்டுப்படும். இன்னது என்று பிடிப்பதற்குள் வேறு சுருதிக்கு நழுவிவிடும். பழைய பாட்டு ஒன்று திடீரென்று மனதில் எழும்போது நமக்கும் இப்படித்தானே நேர்கிறது. இரண்டு அடி வரும், மூன்றாவது அடி வேறு பாட்டுக்குள் போய்விடும். நினைவு எப்படி வேலை செய்கிறதோ அப்படியே இசையை எழுதியிருக்கிறார். முடிவில் பியானோ எந்தச் சுரத்திலும் வந்து அமர்வதில்லை. நின்றுவிடுகிறது.

மெட்டைக் கடன் வாங்கியது கற்பனைக் குறைவால் என்று சொல்ல இங்கே இடமே இல்லை. ஒரு மெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதர்கள், தெரு, காலம் ஆகிய எல்லாவற்றையும் அவர் சேர்த்தே எடுத்தார். அதே ஆண்டு எழுதிய 'டாம் செய்ல்ஸ் அவே' பாடலில் முதல் உலகப் போருக்குக் கப்பலேறும் தம்பியைப் பற்றிப் பாடும்போது, அந்த நாளில் ஊரெங்கும் ஒலித்த படை திரட்டும் பாட்டின் துண்டு தூரத்தில் கேட்கிறது. வெறியூட்டும் அந்த மெட்டு இங்கே கலங்கிய குரலில் வருகிறது.

ஒலிக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராமே?

ஆம், 'கான்கார்ட்' சொனாட்டாவுக்குத் துணையாக வந்த கட்டுரை நூலில். விசித்திரமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது. டான்பரி வட்டாரத்தின் திறந்தவெளி ஜெபக்கூட்டங்களில் கல்தச்சர் ஒருவர் தொண்டை கிழியப் பாடுவாராம், சுருதியை விட்டு வெகுதூரம் விலகி. இப்படிப் பாடுகிறவரை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று யாரோ ஜார்ஜ் ஐவ்ஸிடம் கேட்டார். அவர் முகத்தைப் பாருங்கள், யுகங்களின் இசை அதில் கேட்கும், சத்தத்தை மட்டும் கவனித்தால் இசையைத் தவறவிட்டுவிடுவீர்கள் என்றார் ஜார்ஜ்.

மகன் இதைத் தத்துவமாக வளர்த்தார். எமர்சன், தோரோ, ஹாதார்ன், ஆல்காட் குடும்பம் ஆகிய அமெரிக்க எழுத்தாளர்கள் வாழ்ந்த, மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரின் சிந்தனை அவருக்கு வேதம்போல. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் உண்மையை அறியும் ஒளி உண்டு என்ற எமர்சனின் நம்பிக்கையிலிருந்து, கலையில் இரண்டைப் பிரித்தார்: உள்ளடக்கமும் பாங்கும். உள்ளடக்கம் என்பது கலைஞனின் வாழ்க்கையிலிருந்து, நம்பிக்கையிலிருந்து வருவது. பாங்கு அதைச் சொல்லும் விதம். மினுமினுப்பான பாங்கு, உள்ளே ஒன்றுமில்லாததை மறைக்க உதவும் என்பது அவருடைய தீராத சந்தேகம்.

இந்தப் பிரிவினை எப்போதும் செல்லுபடியாகும் என்று நான் நினைக்கவில்லை. இசையில் சொல்வதும் சொல்லும் விதமும் பல நேரங்களில் பிரிக்க முடியாதவை. ஹூசடானிக் பாடலே அதற்குச் சாட்சி. ஆனாலும் அந்தக் கல்தச்சரின் முகத்தை மறக்காமல் இருந்ததால்தான், படித்தவர்கள் ஒதுக்கிய ஒலிகளையெல்லாம் அவரால் பாட்டுக்குள் அழைத்துவர முடிந்தது.

அவருடைய அரசியல் பாடல்களில் தெரிகிறதா?

நன்றாகவே. பெரும்பான்மை மக்களின் அறிவில் அவருக்கு எல்லையற்ற நம்பிக்கை இருந்தது. 'மெஜாரிட்டி' பாடலின் அந்தப் பிரம்மாண்டமான சுரத்திரள்கள், கூட்டம் கூட்டமாகத் திரண்டு நிற்கும் மக்களின் ஒலி. தேசிய அளவிலான முக்கியக் கேள்விகளில் மக்களே நேரடியாக வாக்களிக்க வேண்டும் என்று 1920-இல் அரசியல் சாசனத் திருத்தம் ஒன்றை வரைந்து, பத்திரிகைகளுக்கும் தலைவர்களுக்கும் அனுப்பினார். முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட் அதை ஏற்கவில்லை என்று பதில் எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் தேர்தல் முடிவு தந்த ஏமாற்றம் ஒரு பாடலாகவே வந்தது. 1912 தேர்தலைப் பற்றிய 'வோட் ஃபார் நேம்ஸ்' இன்னும் கசப்பானது: கொள்கை எதுவும் தெரியாமல் மூன்று நல்லவர்களின் பெயர்களில் ஒன்றுக்கு வாக்களிக்கச் சொல்கிறார்களே என்ற எரிச்சல்.

போர்க்காலத்தில் கடன் பத்திரக் குழுவில் இருந்தபோது, சாதாரண மக்களும் வாங்கும்படி 50 டாலர் பத்திரம் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடியதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

பியானோ வெறும் இரைச்சலாக இருக்கிறதே?

சில பாடல்களில் முதல் தடவை அப்படித்தான் இருக்கும். 'தி கேஜ்' என்ற மிகச் சிறிய பாடலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கூண்டுக்குள் சிறுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறது; இறைச்சி வரும்போது மட்டும் நிற்கிறது. மூன்று மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன், வாழ்க்கையும் இப்படித்தானோ என்று யோசிக்கிறான். குரல் பெரும்பாலும் முழுச் சுர இடைவெளிகளிலேயே ஏறி இறங்குகிறது. அரைச் சுரம் அரிதாகவே வருவதால் எங்கே வீடு, எங்கே வாசல் என்று காதுக்குத் தெரியாது. பியானோ வேறொரு அடுக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய சுரங்களோடு திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. சிறுத்தைக்குப் போக இடமில்லை, இசைக்கும் இல்லை. இதை இரைச்சல் என்று சொல்ல மனம் வராது.

'ஜெனரல் வில்லியம் பூத் என்டர்ஸ் இன்டு ஹெவன்' இன்னொரு நல்ல வாசல். ரட்சணிய சேனையை நிறுவிய பூத் 1912-இல் இறந்தார். அவர் குடிகாரர்களையும் நோயாளிகளையும் திரட்டி டிரம் அடித்துக்கொண்டே பரலோகத்துக்குள் நுழைவதாக வேச்சல் லிண்ட்சே எழுதிய கவிதைக்கு 1914-இல் ஐவ்ஸ் இசையமைத்தார். தொடக்கத்தில் பியானோ டிரம்மாகவே மாறிவிடுகிறது. சிறுவயதில் பேண்டில் டிரம் வாசித்தவர், வீட்டுப் பியானோவில் அந்த அடிகளைப் பழகும்போது கண்டுபிடித்த ஒலி அது. ஊர்வலம் நெருங்க நெருங்க, ஒரு ஞானப்பாட்டின் மெட்டு மேலெழுந்து வருகிறது. தமிழ்ச் சபைகளில் 'இம்மானுவேலின் இரத்தத்தால்' என்று பாடப்படுகிறதே, அந்தப் பாடலுக்கு அமெரிக்கச் சபைகளில் வழங்கிய மெட்டு. இயேசு வந்து கந்தலுடையில் நின்ற கூட்டத்தை ஆசீர்வதிக்கும் இடத்தில் சத்தமெல்லாம் ஓய்கிறது. ஐவ்ஸின் பாடல்களில் ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஏன் எழுதுவதை நிறுத்தினார்?

1926-இல் எழுதிய 'சன்ரைஸ்' அவருடைய கடைசிப் பாடல். அதற்குச் சற்றுப் பின் ஒரு நாள் மாடியிலிருந்து கண்ணீரோடு இறங்கிவந்து, இனி எழுத முடியவில்லை, எதுவும் சரியாக ஒலிக்கவில்லை என்று சொன்னதாக ஹார்மனி நினைவுகூர்ந்தார். நோய், போர் உடைத்துப்போட்ட நம்பிக்கை, இரட்டை வாழ்க்கையின் களைப்பு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1930 தொடக்கத்தில் தொழிலிலிருந்தும் ஓய்வு பெற்றார். பழைய படைப்புகளைத் திருத்துவது மட்டும் தொடர்ந்தது. தன் செல்வத்தைக் கொண்டு மற்ற புதுமை இசையமைப்பாளர்களின் கச்சேரிகளுக்கும் வெளியீடுகளுக்கும் அமைதியாக உதவிவந்தார்.

உலகம் எப்போது அவரைக் கண்டுகொண்டது?

பாடல்கள்தான் வழி திறந்தன. 1932 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் யாடோ கலைஞர் இல்லத்தில் நடந்த இசை விழாவில், ஹியூபர்ட் லின்ஸ்காட் ஐவ்ஸின் 7 பாடல்களைப் பாட, இசையமைப்பாளர் ஆரோன் கோப்லண்ட் பியானோ வாசித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து கோப்லண்ட் '114 பாடல்கள்' பற்றிக் கட்டுரை எழுதினார். வியப்பும் குறையும் இரண்டும் அதில் இருந்தன. இசையமைப்பாளர் ஹென்றி கோவெல் தன் இதழ் வழியாகப் பாடல்களை வெளியிட்டார். 1939 ஜனவரியில் ஜான் கிர்க்பாட்ரிக் நியூயார்க்கில் 'கான்கார்ட்' சொனாட்டாவை வாசித்தபோது, விமர்சகர் லாரன்ஸ் கில்மன் அதை ஓர் அமெரிக்கர் எழுதிய மிகச் சிறந்த இசை என்று எழுதினார்.

மூன்றாம் சிம்ஃபனிக்கு 1947-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. எழுதிப் பல்லாண்டு ஆன படைப்பு. பரிசுகள் பையன்களுக்கு, நான் வளர்ந்துவிட்டேன் என்று சொல்லி, பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இசையமைப்பாளர் ஆர்னல்ட் ஷேன்பர்க் இறந்த பிறகு அவருடைய தாள்களில் ஒரு குறிப்பு கிடைத்தது: இந்த நாட்டில் ஒரு மாமனிதர் வாழ்கிறார், தன்னைக் காத்துக்கொண்டே கற்பது எப்படி என்ற சிக்கலை அவர் தீர்த்துவிட்டார், அவர் பெயர் ஐவ்ஸ்.

தேதிகளைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

1987-இல் மேனார்ட் சாலமன் என்ற ஆய்வாளர், தான் எல்லோருக்கும் முந்தியவர் என்று காட்ட ஐவ்ஸ் கையெழுத்துப் படிகளில் பழைய தேதிகளை இட்டிருக்கலாம் என்று எழுதினார். இளைஞராக ஐவ்ஸைச் சந்தித்த இசையமைப்பாளர் எலியட் கார்ட்டரும், அவர் பழைய படைப்புகளில் முரண்சுரங்களைக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அதன் பின் தாள் வகைகளையும் கையெழுத்து மாற்றங்களையும் வைத்து நடந்த ஆய்வுகள், பல படைப்புகளின் தேதிகள் ஏறத்தாழ சரியே என்றும், சில படைப்புகள் அவர் சொன்னதைவிடப் பிந்தியவை, நீண்ட காலம் திருத்தப்பட்டவை என்றும் காட்டின. யார் முந்தி என்ற போட்டியே எனக்கு முக்கியமாகப் படவில்லை. சிறுத்தையின் பாட்டு 1906-இல் எழுதப்பட்டாலும் பத்து ஆண்டு பிந்தினாலும் அதன் பிடி தளராது.

அவரிடம் ஏற்க முடியாதவை உண்டா?

உண்டு. பிடிக்காத இசையையெல்லாம் பெண்மைத்தனமானது என்று ஏசும் வழக்கம் அவர் எழுத்தில் மண்டிக்கிடக்கிறது. இசை ஆண்களுக்கு ஏற்ற வேலையில்லை என்று நினைத்த ஊரில் வளர்ந்ததன் காயம் அது என்று விளக்கலாம்; நியாயப்படுத்த முடியாது. தன் பாடல்களுக்காக உழைத்த ஹென்றி கோவெல் ஓரினச்சேர்க்கைக்காக 1936-இல் சிறை சென்றபோது ஐவ்ஸ் உறவைத் துண்டித்துக்கொண்டார். விடுதலைக்குப் பின் மீண்டும் சேர்ந்தார்கள் என்றாலும், எல்லா மனிதரிடமும் ஒளி உண்டு என்று எழுதியவர் அந்த ஆண்டுகளில் தன் நண்பரைக் கைவிட்டார்.

எந்தப் பதிவைக் கேட்கலாம்? பாட விரும்பினால் எங்கே தொடங்குவது?

ஜேன் டீகெய்டானி பாட, கில்பர்ட் காலிஷ் பியானோ வாசித்த பதிவு என் முதல் தேர்வு. ஒவ்வொரு சொல்லும் பேசுவதுபோல விழும். ஆண் குரலில் ஜெரால்ட் ஃபின்லியும் ஜூலியஸ் டிரேக்கும் செய்த பதிவுகள் 'ஜெனரல் பூத்' பாடலுக்கு ஏற்றவை. சூசன் கிரஹாம், பியானோக் கலைஞர் பியர் லோரான் எமாருடன் பாடியவை ஹூசடானிக் போன்ற மெல்லிய பாடல்களில் மிளிர்கின்றன.

பாடுகிறவர்கள் 'செரனிட்டி', 'டூ லிட்டில் ஃப்ளவர்ஸ்', 'அட் தி ரிவர்' ஆகிய மூன்றிலிருந்து தொடங்கலாம். குரல் வீச்சு அதிகம் தேவைப்படாதவை. 'செரனிட்டி'யில் பியானோ இரண்டே கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளுக்கு) நடுவே ஊசலாடிக்கொண்டிருக்க, குரல் ஜெபம்போல ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். உணர்ச்சியைக் கூட்டிப் பாடினால் கெட்டுவிடும். 'அட் தி ரிவர்' எல்லோருக்கும் தெரிந்த ஞானப்பாட்டாகத் தொடங்கி, நாம் கூடுவோமா என்ற கேள்வியைப் பதிலில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்பது. அந்தச் சந்தேகத்தைக் குரலில் மறைக்க வேண்டாம். பியானோப் பகுதியைத் தனியாக, மெதுவாக, கை கையாகப் பழகிக்கொண்ட பிறகே குரலோடு சேருங்கள். தவறான சுரம் என்று தோன்றும் இடத்தில் திருத்திவிடாதீர்கள். தன் படைப்பை நகலெடுத்தவர், தவறு என்று நினைத்துச் சுரங்களைச் சரிசெய்ய முயன்றபோது, தவறான சுரங்கள்தான் சரியானவை என்று ஐவ்ஸ் எழுதி அனுப்பினார்.